துரைக்குப் போட்ட லீவு

நீ பொய் சொன்னாய். சளி என்றாய். அது சளி இல்லை என்று உனக்கு அப்போதே தெரியும்.

இன்று காலை சிறுவாணித் தண்ணீர் வந்தது. நான்கு நாள் கழித்து வருவதால் குழாய் முதலில் வெறும் காற்றைத் துப்பிவிட்டு, பிறகு வெள்ளையாகக் கொட்டியது. குடத்தை வைக்கக் குனிந்தபோது குளோரின் வாடை மூக்கில் ஏறியது. இந்த ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. எனக்கு அந்த வாடை வந்தால் நீ வந்துவிடுகிறாய், உன்னோடு என் முட்டாள்தனமும்.

வடவள்ளியில் இதே மாடி அறையில்தான் இருந்தோம். நீ வெள்ளகோவில், நான் கிணத்துக்கடவு. இருவருக்கும் பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஒரு பவுண்டரியில் வேலை. நீ பெட்லிங்கில் நின்றாய். அச்சிலிருந்து வந்த இரும்பு வார்ப்பில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி, பிசிறைக் கிரைண்டரில் தேய்க்கும் வேலை. நான் டிப்ளமோ படித்தவன் என்பதால் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வார்ப்பில் துளி மணல் தெரிந்தாலும் சாக்கட்டியால் வட்டம் போட்டு உன்னிடமே திருப்பி அனுப்புவேன். நீ மறுபடி தேய்ப்பாய். மறுபடி தூசி. பெட்லிங்கில் உங்களுக்கு மூக்கில் கட்டக் கைக்குட்டைதான், அதுவும் உங்கள் சொந்தக் கைக்குட்டை. மாலையில் ஒரே பைக்கில் திரும்புவோம். ஒருநாளும் நீ அந்த வட்டங்களைப் பற்றிப் பேசியதில்லை.

துரையை நீதான் உக்கடத்தில் ஒரு வளர்ப்பு மீன் கடையிலிருந்து பிளாஸ்டிக் டம்ளரில் கொண்டுவந்தாய். பீட்டா மீன். கட்டைவிரல் நீளம், கருநீலம், உடம்பைவிடப் பெரிய வால். பக்கத்தில் இன்னொன்றை விட்டால் கடித்துக் கொன்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். அப்படியானால் இவன் துரைதான் என்று பெயர் வைத்தாய். ஓரடித் தொட்டியில், போர்வெல் தண்ணீரில், அவன் நன்றாகவே இருந்தான்.

மார்கழியில் உன் அக்கா வீட்டு விசேஷத்துக்கு மூன்று நாள் ஊருக்குப் போனாய். நீ திரும்பி வரும்போது தொட்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. இந்த ஊரில் விருந்தாளி வந்தால் முதலில் ஒரு சொம்பு சிறுவாணியைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். பத்து வருடம் குடித்ததில் அந்தப் பெருமை எனக்கும் ஒட்டியிருந்தது. பழைய தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, குழாயில் அப்போதுதான் வந்த சிறுவாணியை அப்படியே நிரப்பினேன். சாயங்காலத்துக்குள் துரை மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். செவுள் சிவந்துவிட்டது. மறுநாள் அடியில் ஒருக்களித்துக் கிடந்தான். அதற்கு மறுநாள் வால் நுனி வெளுத்து நைய ஆரம்பித்தது.

நீ வந்தாய். பையைக் கீழே வைத்தாய், சட்டைகூட மாற்றாமல் தொட்டிக்கு எதிரே குந்தினாய்.

"சிறுவாணியா ஊத்துன?"

உலகத்திலேயே நல்ல தண்ணீர் அல்லவா என்றேன்.

"கிணத்துக்கடவுல பொறந்துபோட்டு உனக்கு என்னத்துக்கு மாப்ள சிறுவாணிப் பெருமை? எங்கூரு உப்புத் தண்ணியில உட்டிருந்தாக்கூட இவன் நல்லா இருந்திருப்பான். கொழாத் தண்ணிய ஒரு நாள் வெய்யில்ல வெச்சுப்போட்டுத்தான் ஊத்தோணும்."

அவ்வளவுதான் திட்டு. வேறு யாராக இருந்தாலும் அடித்திருப்பான்.

உடனே பாதித் தண்ணீரை வெளியே எடுத்தாய். நான்கு விரல் ஆழம் மட்டும் விட்டாய். இந்த மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கிற ஜாதி, நோயில் கிடக்கிறவனை மாடி ஏறி வா என்று சொல்லலாமா என்று கேட்டாய். பக்கங்களில் செய்தித்தாளை ஒட்டி இருட்டாக்கினாய். குளிருக்கு ஒரு குண்டு பல்பைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினாய். வாளியில் பிடித்து வைத்திருந்த பழைய போர் தண்ணீரில் கல்லுப்பை அளந்து கரைத்து, கரண்டி கரண்டியாக ஓரத்தில் விட்டாய். இரண்டு நாளுக்குத் தீனி கிடையாது என்றாய். பிறகு செல்போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, துரையின் செவுள் எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணினாய். எண்ணியதைச் சுவரில் பென்சிலால் எழுதினாய். அரை மணிக்கு ஒரு தடவை. அப்படி ஓர் உயிரை யாரும் கவனித்து நான் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரியிலும்கூட.

மறுநாள் காலை சூப்பர்வைசருக்கு போன் போட்டாய். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ஏனுங்க சார், இன்னைக்கு லீவுங்க. வீட்ல ஒருத்தருக்கு மூச்சு வாங்குதுங்க, உட்டுப்போட்டு வர முடியாதுங்க."

யாருக்கு என்றார். துரைக்குங்க என்றாய். யாரோ வயதானவர் என்று நினைத்துக்கொண்டு, பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்விடு என்று அவர் அக்கறையாகச் சொல்லி வைத்தார். இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். உன் சிரிப்பு இருமலாக மாறி, வெகுநேரம் நிற்கவில்லை.

எனக்கு அன்று மதிய ஷிப்ட். தொட்டி அடியில் கிடந்த அழுக்கை எடுக்க மெல்லிய டியூபின் ஒரு முனையை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாய். தண்ணீர் பாதி டியூப்கூட ஏறவில்லை. மறுபடி இழுத்தாய். சுவரில் கை ஊன்றி நின்றாய். உதடு கறுத்துப்போயிருந்தது. டியூபை என்னிடம் நீட்டினாய்.

"நீ இழு மாப்ள. எனக்குச் சளி."

நான் இழுத்தேன். ஒரே இழுப்பில் தண்ணீர் வந்துவிட்டது. துரை பிழைப்பானா என்பது மட்டுமே அப்போது என் தலையில் இருந்தது.

பிழைத்தான். ஒன்பது நாள் ஆனது. தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றினாய், நைந்த வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதுத் தோல் வந்தபோது என்னை எழுப்பிக் காட்டினாய். உனக்கு ஒரு நாள்கூட லீவு போடவில்லை. மாசியில் பைக்கில் பின்னால் உட்காரும்போதே மூச்சு வாங்கியது. பங்குனியில் ஊருக்குப் போனாய். ஆடி பிறப்பதற்குள் நீ இல்லை.

வெள்ளகோவிலில் உன் அக்கா ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நெஞ்சு எக்ஸ்ரே. கார்த்திகையில் எடுத்தது. துரைக்கு உடம்பு முடியாமல் போனதற்கு ஒரு மாதம் முன்னால்.

"படத்தக் காட்டுனா வேலைக்கு வேண்டாம்னு நிறுத்திப்போடுவாங்கனு சொன்னானுங்க தம்பி. உங்ககிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டான்."

உனக்கு முன்னால் பெட்லிங்கில் ஒருவர் படத்தைக் காட்டினார். அடுத்த வாரம் அவர் இடத்தில் வேறு ஆள் நின்றதை நானும் என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதனால் உன் பொய்யின் மேல் எனக்கு இருக்கும் கோபம் பாதிதான். மீதிக் கோபத்துக்கு வேறு முகவரி இருக்கிறது. அதில் கொஞ்சம் என் சாக்கட்டிக்கும் உண்டு.

துரை இருக்கிறான். நிறம் மங்கிவிட்டது, முன்போல் சீறுவதில்லை. அவனுக்காக மாடியில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் வெயிலில் நிற்கிறது. உன்னிடமிருந்து எனக்கு வந்தது அந்த வாளி மட்டும் இல்லை. ஓர் உயிர் மூச்சு விடுவதைக் குந்தி உட்கார்ந்து எண்ணலாம், எண்ணியதை எழுதி வைக்கலாம் என்பது. இப்போது டீ நேரத்தில் நான் அறைக் கதவைச் சாத்துவதில்லை. பெட்லிங் ஆட்களோடு போய் உட்காருகிறேன். ஆறு பேர். டம்ளரை வாயில் வைப்பதற்கு முன் நின்று மூச்சு வாங்குகிறவர்கள் இருவர். கேட்டால் இருவரும் சளி என்கிறார்கள்.

நேற்று முதலாளி அறைக்குப் போனேன். உன் அக்கா சம்மதித்துத்தான் படத்தை எடுத்துப்போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். உன் நெஞ்சு முழுக்க மணல் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். ஆறு பேருக்கும் படம் எடுங்கள் என்றேன். தூசி உறிஞ்சுகிற மெஷின் வையுங்கள் என்றேன். படம் மோசமாக இருக்கிறவரை வெளியே அனுப்பாமல் அதே சம்பளத்தில் என் அறைக்குள் உட்கார வையுங்கள், நான் எழுந்துகொள்கிறேன் என்றேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப எடுக்கறீங்க மொதலாளி? தேதி சொல்லுங்க."

படத்திலிருந்து கண்ணை எடுத்து, மேஜைமேல் இருந்த செல்போனைக் கவிழ்த்து வைத்தார். தூக்கிப் பிடித்திருந்த என் கை வலித்தது. நான் படத்தை இறக்கவில்லை.

"தேதி சொல்லுங்க."