பச்சை வண்டியை விற்றுவிட்டேன்

அன்பு மகள் கில்லியனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முதுகு மட்டும் சுகமில்லை, அது ஏன் என்று கீழே வரும். நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அவருடைய ஆடுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கார் பந்தயத்தில் கடைசியாக வந்தால் என் பச்சை வண்டியை விற்றுவிட வேண்டும் என்று போனில் என்னிடம் சத்தியம் வாங்கினாய் அல்லவா, அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் கார் கிளப் வழக்கம் உனக்குத் தெரியும். சனிக்கிழமை எல்லோரும் ஓட்டிக் காட்ட வேண்டும், அதில் மெதுவாகப் போனவனை ஞாயிற்றுக்கிழமை முதலில் விடுவார்கள், வேகமாகப் போனவனைக் கடைசியில். அதனால் சனிக்கிழமை கொஞ்சம் அசமந்தமாக ஓட்டுவது எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான். நான் சத்தியத்தில் மாட்டியவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே செய்தேன், வேலி ஓரத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டு கல்யாண ஊர்வலம் மாதிரி போனேன். முன்னால் பார்த்தால் பல் டாக்டர் செட்ரிக், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிச் சக்கரத்தை முறைத்துக்கொண்டிருக்கிறான். அந்த ஆள் நாற்பது வருஷம் அடுத்தவன் வாயைத் திறந்து பார்த்தவன், நடிக்க மட்டும் வரவில்லை. அவனுக்கும் முன்னால் நம் நாரிஸ், இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு தவழ்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் புல் வெட்டுகிற டிராக்டர் எங்கள் மூன்று பேரையும் தாண்டிப் போனது. டிராக்டர்க்காரன் தொப்பியைத் தூக்கி மரியாதை வேறு செய்தான்.

யார் எப்போது கிளம்புவது என்று முடிவு செய்வது பார்ஜெட்டர் அம்மா, சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலைமை டீச்சராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "நேத்து நீங்க ஓட்டினது காரா, சவ வண்டியா? மூணு பேரும் எல்லாருக்கும் பின்னாடி போங்க, பேசக் கூடாது" என்றார். செட்ரிக் "என் சக்கரத்துல நிஜமாவே..." என்று இழுத்தான். "வாயை மூடுங்க டாக்டர்" என்றார். அவனிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அப்புறம் என்ன, மற்றவர்கள் எல்லாம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், நாங்கள் மூன்று கிழடுகளும் யார் கடைசி என்பதற்கு மட்டும் அடித்துக்கொண்டோம். செட்ரிக் முந்திப் போய்விட்டான். நாரிஸ் வளைவில் சுழன்று புல்லில் போய்ப் பின்பக்கமாக உட்கார்ந்தான். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! வண்டி பிழைத்தது என்று நிம்மதியாகப் போயிருக்கலாம். ஆனால் கடைசி வளைவில் அவனைத் திரும்பிப் பார்த்து, தொப்பியைக் கழற்றி ஆட்டி, "என்ன நாரிஸ், புல் மேயுறியா?" என்று கத்தினேன். ஒரு கை தொப்பியில், ஒரு கை ஸ்டியரிங்கில், கியர் போட யார் வருவார்கள்? வண்டி கரகரவென்று முனகி நின்றேவிட்டது. நாரிஸ் வாயெல்லாம் பல்லாகப் பக்கத்தில் வந்து, "தொப்பி அழகா இருக்குடா வில்ஃப்" என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசியாக வந்தது நான்தான், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் முதுகு பிடித்துக்கொண்டது.

தேநீர்க் கூடாரத்தில், என் சத்தியம் தெரிந்த அந்த இரண்டு பேரும் கழுகு மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். செட்ரிக் பன்னை மென்றுகொண்டே, "துக்கமாத்தான் இருக்கு, ஆனா வாக்குன்னா வாக்கு, நானே வாங்கிக்கறேன்" என்றான். நாரிஸ், "உன் கொட்டகையில அதை எலிதான் ஓட்டும் டாக்டர். வில்ஃப், எனக்குக் குடுடா" என்றான். நான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன். உன் அம்மா கைப்பையைத் திறந்து ஒரு பவுண்டு நாணயத்தை மேசையில் வைத்து, "வித்தாச்சு. ரெண்டு பேரும் எழுந்திருங்க, இனிமே என் வண்டி மேல கண்ணு வைக்காதீங்க" என்றாள். அத்தோடு விடவில்லை. நேராகப் பார்ஜெட்டர் அம்மாவிடம் போய் செப்டம்பர் பந்தயத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு ஓட்டி வந்ததும் அவள்தான். அவள் திருப்பிய வளைவுகளைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆகவே மகளே, அப்பா வாக்குத் தவறவில்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று எனக்கு எழுதிய அதே கடிதத்தை இனி உன் அம்மாவுக்கு எழுது, அவள் படிக்கும்போது நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். அங்கே குளிர் காலம், பிள்ளைகளுக்குக் காதை மூடி விடு.

சக்கரத்துக்குக் காற்றடிப்பதற்கும் கண்ணாடி துடைப்பதற்கும் மட்டும் அனுமதிக்கப்பட்ட உன் அப்பா,
வில்ஃப்