வீட்டின் பக்க விளைவுகள்

ஜூன் 4
இவருக்கு மாற்றல் வந்து, போய்ச் சேர்ந்தும் ஆகிவிட்டது. அங்கே நாலு பேரோடு ஒரே அறை. நானும் குட்டியும் இங்கே. வாடகை ஒப்பந்தத்தை மூன்றாம் முறையாக இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்து, அதில் ஒரு வருடம்கூட நிறையவில்லை. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "பாதியில போனா, வேற ஆள் வர்ற வரைக்கும் வாடகை உங்க தலையிலதான். அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன். நீயே ஆளக் கொண்டு வந்துட்டா முழுசாக் கையில தர்றேன்."

தப்பில்லை. கையெழுத்துப் போட்டதும் அப்படித்தான். ஆனால் இந்த அட்வான்ஸ் முழுசாக வந்தால்தான் அங்கே பார்த்து வைத்திருக்கும் வீடு. மாதக் கடைசிவரை காத்திருப்பார்களாம். அதற்குள் ஆள் பிடிக்க வேண்டும்.

ஜூன் 7
புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்தது. சமையலறைக் குழாயை முதலில் வலப்பக்கம் இறுக்கி, பிறகு இடப்பக்கம் திருப்பினால்தான் தண்ணீர் வரும் என்றேன். மழைக்காலத்தில் குளியலறைக் கதவு ஊதிக்கொள்ளும் என்றேன். ஒருமுறை இவர் உள்ளே மாட்டிக்கொண்டு கத்த, நான் வயிற்றில் குட்டியோடு வெளியே நின்று சிரிக்க — அதையும் சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள். பையன் கடிகாரத்தைப் பார்த்தான். "யோசிச்சுச் சொல்றோங்க" என்று போனார்கள்.

ஜூன் 8
போன் வரவில்லை.

ஜூன் 12
இன்னும் இரண்டு குடும்பம் வந்து போயிற்று. இவரிடம் போனில் சொன்னேன். "வீட்டக் காட்டச் சொன்னா, மாத்திர குடுக்கற மாதிரி பக்க விளைவெல்லாம் சொல்லிட்டிருக்கியா?" என்றார். என்ன செய்வது, மருந்துக்கடையில் நின்று நின்று அதுதான் பழக்கம். தூக்கம் வரும், வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்று சொல்லாமல் என் கை எதையும் நீட்டாது.

"இங்க ஒருத்தன் குறட்ட விடறான், இன்னொருத்தன் தூக்கத்துல பேசறான். சீக்கிரம் வாங்க ரெண்டு பேரும்." கேலியாகத்தான் சொன்னார். குரல் கேலியாக இல்லை.

ஜூன் 15
பெருக்கும்போது கட்டில் ஞாபகம். குடிவந்த அன்று மாடிப்படி வளைவில் அது திரும்பவே இல்லை. வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் கிடந்தது. ஒரு வாரம் கழித்துத் தச்சர் வந்து அதன் கால்களை அறுத்துத்தான் மேலே ஏற்றினார். இன்றும் எங்கள் கட்டில் நாற்காலியைவிடக் குட்டை.

அந்த ஒரு வாரம் தரையில் போர்வை விரித்துப் படுத்தோம். விளக்கை அணைத்த பிறகும் ஓயாத பேச்சு. அப்படி என்னதான் பேசினோம்? ஒன்றுகூட நினைவில்லை. அந்தச் சந்தோஷம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜூன் 19
டீச்சர் ஒருவர் வந்தார். தனி ஆள். குழாய், கதவு எல்லாம் சொல்லியும் அசரவில்லை. ஜன்னலோரம் நின்று, "இங்க உக்காந்து நோட்டு திருத்தலாம்" என்றார். குட்டியை மடியில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இடம். டோக்கன் பணம் எடுக்கக் கைப்பையைத் திறந்தார்.

"மழைக்கு ஒழுகும் டீச்சர்" என்றேன்.

பையை மூடிவிட்டார்.

ஒழுகல் போன வருடமே சரியாகிவிட்டது.

படியிறங்கும்போது டீச்சர் கீழே விசாரித்திருக்கிறார். வீட்டுக்காரம்மா மேலே வந்தார். "ஒழுகுதுன்னு சொன்னியாமே? மொட்டமாடியில ஆள் வச்சுப் பூசினப்ப நீயும்தானே கூட நின்ன?" என் முகத்தைப் பார்த்தார். "போக மனசில்லேன்னா அழுதுட்டுப் போ. என் வீட்ட ஏம்மா திட்டற?"

சொன்னபடியே அழுதேன்.

வேணும்னு பண்ணல. சத்தியமா வேணும்னு பண்ணல. ஆனா வந்தவங்கள எல்லாம் நானேதான் தொரத்தி விட்டிருக்கேன். அங்க அந்த மனுஷன் நாலு பேருக்கு நடுவுல முடங்கிக் கிடக்கறாரு, நான் இங்க செவுத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு — என்ன பொம்பள நான்?

ஜூன் 20
டீச்சருக்குப் போன் செய்தேன். "வீடு ஒழுகல டீச்சர். பொய் சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"விட்டுப் போக மனசு வரல."

"அப்ப நல்ல வீடுதான்" என்றார். "ஒண்ணாந்தேதி வந்துடறேன்."

ஜூன் 28
அட்வான்ஸ் முழுசாக வந்தது. ஆணி அடித்த ஓட்டைகளுக்குக்கூட வீட்டுக்காரம்மா கழிக்கவில்லை. "எண்ணிப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 9
இங்கே குழாயைத் தொட்டாலே கொட்டுகிறது. கட்டில் ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டது. இவர் குறட்டை விட ஆரம்பித்திருக்கிறார். அந்த நாலு பேரில் யார் சொல்லிக் கொடுத்தார்களோ. குட்டி அவர் மூக்கைப் பிடித்துப் பிடித்துச் சிரிக்கிறாள்.

மத்தியானம் டீச்சர் கூப்பிட்டார். "இன்னிக்குத்தான் சமையல ஆரம்பிச்சேன், தண்ணியே வரலம்மா. எந்தப் பக்கம் திருப்பணும்னு சொன்னீங்க?"

எங்க வீட்டுக் குழாயா என்று கேட்க வாயெடுத்துவிட்டேன்.

"உங்க வீட்டுக் குழாய மொதல்ல வலப்பக்கம் இறுக்கணும் டீச்சர்" என்றேன். "ம், இப்ப இடப்பக்கம்."

தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை.