பழைய லிஃப்டின் குரல்

மார்ச் 3
அரங்க மேலாளர் மறுபடி ஃபோன் செய்தார். "கிளாசிக்கலா, ஜாஸா? போஸ்டர்ல என்னன்னு போடுறது?" லிஃப்ட் என்று போடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "போன தடவை மாதிரி பாதியில எழுந்து போனாங்கன்னா, இனிமே உங்களைக் கூப்பிட முடியாது மேடம்." என் இசைக்கு வேறு எந்த அரங்கும் கதவு திறப்பதில்லை. அது அவருக்கும் தெரியும்.

மார்ச் 6
வயலினும் டிரம்ஸும் இன்று ஒத்துப்போயின. நடுவில் எங்கள் கட்டடத்துப் பழைய லிஃப்ட் - முனகல், இழுவை, கதவின் 'டொக்'. கழற்றிப் போடும் முன் பதிவு செய்துவைத்தது நல்லதாயிற்று. அக்காவுக்குத்தான் எரிச்சல். "சனியன் ஒழிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தேன். நீ அதை வீட்டுக்குள்ளயே கூட்டிட்டு வந்துட்ட."

மார்ச் 9
போச்சு. எல்லாம் போச்சு.
லிஃப்ட் பதிவைக் கச்சேரிக்குத் தயார் செய்யக் கொடுத்திருந்த ஒலிப்பதிவாளர் பெருமையாகச் சொல்கிறார்: "பின்னாடி ஒரே இரைச்சலா இருந்துது மேடம். சுத்தமா எடுத்துட்டேன்." போட்டுக் காட்டினார். நிசப்தம். அவ்வப்போது ஒரு 'டொக்'. இரைச்சல்தானய்யா பாட்டே! மூலப் பதிவு? "அதுமேலயே சேவ் பண்ணிட்டேனே..." பிரதி எடுக்காமல் கொடுத்தவள் நான். நல்லது செய்ததாக நினைக்கிற மனுஷனை என்னவென்று திட்டுவது? திட்டினேன். நாளை மறுநாள் கச்சேரி.

மார்ச் 10
புது லிஃப்ட் சத்தமே போடுவதில்லை, பாவி. மிக்ஸி, மின்விசிறி, தையல் மெஷின் - எதுவும் ஒட்டவில்லை. ரத்து செய்துவிடலாமா? ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
சமையலறையிலிருந்து அக்கா, கேலியாக: "இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? ங்ங்ங்... ர்ர்ர்... டொக்!"
இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். மூன்றாம் மாடியில் பழைய லிஃப்ட் திக்குவதுகூட அப்படியே வந்தது. இத்தனை வருஷம் திட்டித் திட்டியே மனப்பாடம் செய்திருக்கிறாள்.
"மேடையிலயா? நானா? உனக்கென்ன பைத்தியமாடி?"

மார்ச் 11
அக்கா வந்துவிட்டாள். திரைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள். முன்வரிசையில் மேலாளர், வாசல் கதவையே பார்த்தபடி.

மார்ச் 12
நேற்று மேடையில் அக்காவின் முதல் 'டொக்'கில் யாரோ சிரித்தார்கள். செத்தேன் என்று நினைத்தேன். அக்கா அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டுத் தொடர்ந்தாள். அப்புறம் சிரிப்பில்லை. கடைசிவரை ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் அழுதேன்.

மார்ச் 20
மேலாளர் ஃபோன் செய்தார். அடுத்த கச்சேரிக்குத் தேதி கொடுத்துவிட்டு அதே கேள்வி: போஸ்டரில் என்னவென்று போடுவது?
அக்கா ஃபோனைப் பிடுங்கினாள். "லிஃப்ட்னு போடுங்க."
"சரிங்க மேடம்" என்றார். அவளிடம்!