கை எட்டிய உயரம்

12.12.1958
இன்று எங்கள் வீட்டுக்கு மலேரியா மருந்து அடித்தார்கள். அடித்தவர் கனகலிங்கம், கனகராயன்குளத்திலிருந்து எங்கள் ஊர் உடையார்கட்டுக்கு வந்து தங்கி வேலை செய்கிறார், நாட்சம்பளம். பாய், பானை எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்தோம். நிலத்திலிருந்து கூரைவரை மண்சுவர் வெள்ளையாகிவிட்டது. கடித்த நுளம்பு சுவரில் இருந்து இளைப்பாறும்போது மருந்து பட்டுச் சாகுமாம். சுகாதாரப் புத்தகத்திலும் இது இருக்கிறது.

கதவின் பின்னால் ஓர் அட்டை அறைந்தார். “தங்கச்சி, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு.” ஆறு மாதத்துக்குச் சுவரை மெழுகக்கூடாது. பக்கத்து வளவு நேசமலர் மாமிக்கும் கேட்கும்படி உரத்து வாசித்தேன்.

20.12.1958
விடாத மழை. நுளம்பு குறைவுதான்.

11.1.1959
பொங்கலுக்கு மூன்று நாள். நிலம் அம்மாவின் வேலை, உள்சுவர் என் வேலை. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். அட்டையைக் காட்டினேன். அம்மா பார்க்கவேயில்லை.

“பொங்கலண்டைக்கு வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கவோ? நேசமலர் நேற்றே மெழுகி முடிச்சிட்டாள்.”

மெழுகினேன். சாணமும் களிமண்ணும் கை எட்டிய உயரம்வரை. கதிரையில் ஏறியிருந்தால் மேலேயும் எட்டும், ஏறவில்லை. பாதிச் சுவரை விட்டால் பாதிப் பிழைதான் என்று நினைத்தேனா? தெரியவில்லை.

2.2.1959
அம்மாவுக்கு நடுக்கம். மூன்று சாக்கு போர்த்தும் பல் அடிக்கிறது. பிறகு வியர்த்து ஓய்ந்தா. நேசமலர் மாமி வீட்டிலும் இருவர் படுக்கை.

4.2.1959
விரல் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்துப் போனார்கள். சோதித்துப் பார்க்க ஒரு கிழமை செல்லுமாம். அதுவரைக்கும் கைப்புக் குளிசை விழுங்க வேண்டும்.

11.2.1959
மலேரியாதான். எங்கள் வாய்க்கால் பக்கம் மட்டும் ஒன்பது பேருக்கு.

சுகாதாரப் பரிசோதகர் பரமலிங்கம் வீடு வீடாக வந்தார். சுவர் மெழுகினீர்களா என்று கேட்டார். யாரும் ஓம் என்று சொல்லவில்லை. அம்மாவும் இல்லை என்றா. நான் குசினிக்குள் அடுப்படியில் நின்றேன்.

அவர் எங்கள் சுவரை வாசலில் நின்றபடியே பார்த்தார். மேலே வெள்ளை, கீழே மண். “கீழ்ச்சுவருக்கு அடிக்கவேயில்லை. குனியப் பஞ்சி, சோம்பேறி” என்றார். கனகலிங்கம் வேலிப் படலையடியில் நின்று, நிலம்வரைக்கும் அடித்தேன் என்று ஒருமுறை சொன்னார். நாளை பின்னேரத்துடன் அவரை வேலையால் நிறுத்தப் போகிறார்கள்.

மற்ற வீடுகளில் முழுச்சுவரும் மண்ணிறம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுச் சுவர்தான் சாட்சி. நான் விட்ட அந்த மேல்பாதிதான்.

அம்மாவிடம் கேட்டேன். “ஊர் முழுக்க இல்லையெண்டு சொல்லேக்க நான் மட்டும் ஓம் எண்டு சொல்லவோ? பேசாமப் படு.”

அவா பொய் சொன்னவா என்று நான் எப்படிப் போய்ச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருக்கிறது?

12.2.1959
காலையில் கரண்டிக் காம்பால் சுவரைச் சுரண்டினேன். பூச்சு உதிர்ந்தது. உள்ளே வெள்ளை. அம்மா படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தா, தடுக்கவில்லை.

பரிசோதகர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விரல் குத்திக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சொன்னேன். “ஐயா, அவர் அடிச்சவர். நான்தான் மெழுகினனான். வந்து பாருங்கோ.” பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வந்தார். தானும் சுரண்டிப் பார்த்தார். அடுத்து நேசமலர் மாமி வீடு. அதற்கடுத்த வீடும். எல்லாச் சுவரிலும் உள்ளே வெள்ளை. அம்மாவிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் கூடின வெட்கம்.

13.2.1959
மாமி என்னோடு கதைக்கவில்லை. அம்மாவும்தான்.

27.2.1959
திரும்ப மருந்து. கனகலிங்கமே வந்தார். பாயை அம்மா தானே சுருட்டி வெளியே வைத்தா. அவருக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தா.

“தங்கச்சி, இந்தமுறை உன்ர கை எட்டாத இடத்துக்கு மட்டும் அடிக்கட்டோ?” என்றார். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அம்மா சிரித்துவிட்டா. காய்ச்சலுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

13.1.1960
அட்டையில் இப்போது மருந்தடித்த மூன்று திகதிகள். இந்த மாரியில் எங்கள் பக்கம் ஒருவருக்கும் நடுக்கம் வரவில்லை. பொங்கலுக்கு நிலம் மட்டும் மெழுகினோம்.

பின்னேரம் நேசமலர் மாமி கிணற்றடியில் வாளி நிறையச் சாணம் கரைத்துக்கொண்டு நின்றா. அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

“நிலத்தோட நிப்பாட்டு, நேசமலர். சுவரில கை வைச்சியோ, இவள் கரண்டியோட வந்திடுவாள்.”