ஓசியில் பறக்கவில்லை என்றேன்

புதுப்புளி வந்துவிட்டது. இன்று காலை ஒடுகத்தூர் மண்டியில் மூட்டையைப் பிரித்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. எல்லோருக்கும் வாய் ஊறும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், மச்சான்.

நம் மலையிலிருந்து விமானம் ஓட்டப் படித்த முதல் ஆள் நீ. கம்பெனி வேலைக்குக் கூப்பிடும்வரை கைப்பழக்கம் போய்விடக் கூடாதென்று, அடிவாரத்தில் ஒரு நண்பரின் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தாய். காவலூர் வானாய்வு நிலையத்தின் வெள்ளைக் குமிழை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று என் அப்பாவுக்கு ஆசை. நான்தான் உன்னை நச்சரித்தேன்.

"ஏத்திக்கினு போறேன். ஆனா ஒன்னும் குடுக்கக் கூடாது. பர்மிட் வச்சிருக்கற கம்பெனில சம்பளத்துக்கு ஓட்டத்தான் என் லைசென்சு. நானே ஆள ஏத்திக் கூலி வாங்கனா அதுவும் போய்டும்" என்றாய்.

தலையாட்டினேன். அப்பா பறந்து வந்த மறுவாரம், நீ இல்லாத நேரம் பார்த்து உன் வீட்டில் இரண்டு மூட்டை புளியைப் போட்டுவிட்டு வந்தேன். ஏரை இரவல் வாங்கினால்கூட ஒரு படி சாமையோடு திருப்பிக் கொடுக்கிற ஆட்கள் நாம். சட்டத்துக்காக அந்த முறையை விடுவேனா?

நீ கூலிக்கு ஆள் ஏற்றுகிறாய் என்று எவனோ மனு போட்டுவிட்டான். அப்பா காட்டுக்குப் போயிருந்த நேரம், விசாரிக்க வந்த அதிகாரி என் வாசலில் உட்கார்ந்து, "பணம் ஏதாவது கொடுத்தீங்களா?" என்றார். நீ பக்கத்திலேயே நின்றாய்.

"இல்லீங்க" என்றேன்.

பேனாவை மூடியவர் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ உங்கப்பா ஓசியில பறந்துட்டு வந்துட்டாரு" என்று சிரித்தார்.

"ஓசி இன்னாங்க ஓசி? நாங்க இன்னா பிச்சக்காரங்களா? ரெண்டு மூட்டை புளி போட்டேன்!"

பேனா மறுபடி திறந்தது. பணமோ பொருளோ, பறந்ததற்கு வாங்கினால் கூலிதான் என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். உன் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

நான்கு நாள் கழித்து வந்தாய். "அது கூலி இல்ல, முறைக்குக் குடுத்ததுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு மச்சான். அது போதும்."

"போட்ட கையெழுத்த மாத்த நான் இன்னா பொய்க்காரனா?"

நீ கேட்டது பொய்யே இல்லை. எனக்குத் தெரியும். அந்த 'ஓசி' காதிலேயே நின்றது; அதற்காக உன்னைக் கைவிட்டேன். லைசென்சை முடக்கினார்கள். கூப்பிடுவதாகச் சொன்ன கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. நீ மலைப்பாதையில் வேன் ஓட்டப் போனாய். எதிரில் பார்த்தால் எனக்கு ஹாரன் அடித்துச் சிரிப்பாய். அதற்கு நீ என்னை அறைந்திருக்கலாம், பாவி.

ஒரு நாள் மூன்றாவது வளைவில் உன் வேனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. உன் உடலைத் தூக்கி வந்து கிடத்தியபோது, அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அம்மாம் ஒசரத்துல ஒரு குலுங்கல் இல்லாம கொண்டாந்து எறக்கனானே. அவன் எதுக்குடா வேன் ஓட்டப் போனான்?"

புளி கொடுத்ததோ, நான் சொன்னதோ அவருக்குத் தெரியாது. இப்போதும் சாப்பிட உட்கார்ந்தால் அதையே கேட்கிறார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறேன்.