வாத்துகளுக்காக நின்ற பஸ்

12.06.2010, சனி. தாய்லாந்து.

இன்றைக்கு நானும் தயாவும் ரூபனும் ஆடின கூத்தை ஊரில் மூச்சு விடக்கூடாது. பொலிஸ்காரர் கைகாட்ட, பஸ் நின்றது. மூன்று பேரும் பையோடு இறங்கி, அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்றோம். சண்டைக் காலத்தில் எங்கள் ஊர் ஆரையம்பதியிலிருந்து டவுனுக்குப் போக, ஆமியின் ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் இறங்கிப் பழகின கால்கள். வேறு ஒருவரும் இறங்கவில்லை. அவர் மறித்தது ஒரு கூட்டம் வாத்து றோட்டைக் கடக்கத்தான்!

"மானம் போச்சுடா, ஏறு" என்றான் தயா. ரூபன் அதற்குள் பையைத் திறந்து உள்ளுடுப்பு வரைக்கும் விரித்துக் காட்டிவிட்டான். பொலிஸ்காரர் என் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சீருடைக்காரரோடு சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை.

அட்டையைத் திருப்பி வாங்கியும் நான் பையில் வைக்கவில்லை; அடுத்த செக்பொயின்ற்றுக்கென்று கையிலேயே பிடித்திருந்தேன். அவர் அதைக் காணவில்லை.