கிழக்குத் தெருப் பிடியரிசி

ஜூன் 7, சனி

விடிந்ததிலிருந்து சாரல். துணி எதுவும் உலரவில்லை. யூனிபார்ம் தையல் குவிந்து கிடக்கிறது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு அளவு கொடுக்க வருகிறார்கள், நான் என்ன மந்திரவாதியா.

மாலை வாளியோடு எங்கள் கிழக்குத் தெரு. பிடியரிசி. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்: சோறு வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மாற்றி வைப்பது, சனிக்கிழமை நான் வந்தால் கொடுப்பது, சபை அதை இல்லாத வீட்டுக்குக் கொடுப்பது. யாருக்குப் போகிறது என்று கொடுத்தவருக்குத் தெரியாது. புதுச் செயலாளருக்கு மட்டும் இது விளங்கவில்லை. (இனி செ. என்றே எழுதுகிறேன். முழுசாக எழுத மனசில்லை.)

வழியில் நிறுத்திச் சொன்னார்: "இனிமே அரிசி வாங்குகவிய ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு முன்னால வந்து சாட்சி சொல்லணும், கேட்டியளா. சபை எங்களுக்கு உதவிச்சுன்னு. போட்டோவும் எடுப்போம். வெளிநாட்டுல உள்ளவிய பாத்தா இன்னும் குடுப்பாவ."

சாட்சியாம். ஆண்டவர் செய்ததுக்குச் சொல்வது சாட்சி. ஒரு பை அரிசிக்குமா? கேட்டேன். "அக்கா எப்பவும் சூடுதான்" என்று சிரித்தார். என்னைவிடப் பத்து வயசு மூத்த ஆள், அக்காவாம்.

கடைசி வீடு மேபல். இரண்டு மாடி, டைல்ஸ், கார் இல்லாத போர்ச். புருஷன் சௌதியில். கேட்டில் நின்றே அரிசியைக் குவித்துப் போட்டாள். எனக்குத் தாகம். "நான் கொண்டு வாறேன் அக்கா, நீங்க நில்லுங்க" என்று தடுத்தாள். என்ன இவ்வளவு மரியாதை என்று நேரே அடுக்களைக்குப் போனேன்.

அரிசிப் பானை கழுவிக் கவிழ்த்திருக்கிறது. அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வேகிறது. காலையிலும் அதுதான், மத்தியானமும் அதுதான் என்று அவள் பிள்ளை சொல்லிவிட்டாள். நாலாம் வகுப்பு, மறைக்கத் தெரியவில்லை.

பிறகு மேபலும் சொன்னாள். கம்பெனி பூட்டி மாசக்கணக்காகிறது. சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் அவர்கள் கையில், ஆள் வரவும் வழியில்லை. நகையெல்லாம் பேங்கில். ரேஷனிலும் அரிசி கிடையாது, பணம் வந்த காலத்தில் பெருமைக்குச் சர்க்கரை கார்டாக மாற்றிக்கொண்டார்கள். திருப்பி மாற்ற எழுதிக் கொடுத்தால் ரேஷன் கடையில் தெரிந்துவிடுமாம்.

"அப்ப எனக்க வாளியில எதுக்குட்டி அரிசி போட்ட?"

"போடலேன்னா என்னாச்சுன்னு நாலு பேரு கேப்பாவ அக்கா."

வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. பானையை நிமிர்த்தி வைத்து வாளியைச் சாய்த்தேன். பாதி வாளி போயிற்று. இல்லாத வீட்டுக்கு என்றுதானே தெருவே கொடுத்தது.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டாள். சத்தியம் பண்ணக்கூடாது என்று வேதத்தில் இருக்கிறது. பண்ணினேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. ஊசி இரண்டு உடைந்தது.

செ. வீட்டுக்குப் போனேன். பேர் சொல்லாமல் ஒரு குடும்பம் இருக்கிறது, அரிசி வேண்டும், சாட்சி வேண்டாம், போட்டோ வேண்டாம் என்றேன். டீ கொடுத்தார். குடிக்கவில்லை.

"எந்த வீடு? ஓட்டு வீடா, கான்கிரீட்டா?"

"பசிக்கு ஓடும் கான்கிரீட்டும் உண்டா?"

"கான்கிரீட் வீட்டுக்குச் சபை அரிசி குடுக்கப்பிடாதுன்னு கமிட்டியில முடிவாக்கும். நாளைக்கு நம்மள நாலு பேரு கேள்வி கேப்பாவ."

அவருக்கும் அதே நாலு பேர். இந்த நாலு பேர் யார் என்று ஒரு நாள் பிடித்துக் கேட்க வேண்டும். நம் ஊரில் சௌதிப் பணத்தில் கட்டாத வீடு எத்தனை? சுவரைக் கடித்துத் தின்ன முடியுமா?

அவரிடம் (வீட்டுக்காரர்) புலம்பினேன். மார்த்தாண்டம் ஜங்ஷனில் நாள் முழுக்க ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த மனுஷன், "மேபலுக்க காரியம்தானே?" என்றார். பேரை நான் சொல்லவே இல்லை. எப்படித் தெரியும்? "அந்தப் பிள்ள இப்ப ஆட்டோவுல வாறதில்ல, நடந்துதான் போகுது." இந்த மனுஷனுக்குத் தெரிந்தது கமிட்டிக்குத் தெரியவில்லை.

ஜூன் 14, சனி

வெயில் கொஞ்சம். சட்டை எல்லாம் பட்டன் வைத்தாயிற்று.

பிடியரிசி. மே. (மேபலுக்கும் இனி ஒரே எழுத்துதான்) கேட்டில் நின்று, எதிர்வீட்டுக்காரி பார்க்க, ஒரு பிடி போட்டாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். பாதி வாளி அவள் பானையில். அவள் போட்டதே நான் போன வாரம் கொடுத்த அரிசிதான். சிரிப்பு வந்தது. சிரித்ததும் கோபம் வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

நேற்றும் அப்படியே. இன்று ஆராதனை முடிந்து ஒரு விதவையை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தார்கள். பாவம், மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. அரிசிப் பையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள் என்றார் செ. மத்தியானமே எல்லார் போனிலும் ஸ்டேட்டஸ்.

மே. தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மகள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

செருப்புப் போடும் இடத்தில் காதில் விழுந்தது. ஒருத்தி: "கிழக்குத் தெரு வாளி மட்டும் நெறைய மாட்டேங்குது." இன்னொருத்தி: "அவளுக்க கோழியப் பாத்தியா? என்ன கொழுப்பு."

எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. என் கோழி தவிடு தின்கிறது. தவிடு.

ஜூன் 29, ஞாயிறு

எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

ஆராதனை முடிந்து கூட்டம். செ. எழுந்தார். கிழக்குத் தெருப் பிடியரிசி பாதியாகிவிட்டது, யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் தெருக்காரர்கள் கொடுத்தார்களா என்று சபை தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லையாம்! ஒவ்வொரு வீடாக எழுப்பினார். குடுத்தேன். குடுத்தேன். குடுத்தேன்.

மேபல் முறை. எழுந்தாள். "நான் வாரம் தவறாம குடுக்கேன்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். யாரும் கேட்காமல் மேலே சொன்னாள்: "நெறையத்தான் குடுக்கேன்."

எல்லாத் தலையும் என் பக்கம். செ. என்னைக் கேட்டார், "அக்கா, எதாவது சொல்லணுமா?" வாய் வரை வந்தது. மே. முகத்தைப் பார்த்தேன். செத்த முகம். பக்கத்தில் பிள்ளை, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

போதகர் ஜெபித்து முடித்தார். வாளியைச் செ. மனைவியிடம் கொடுக்கத் தீர்மானம். கைதட்டவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

வீட்டுக்கு வரும் வழியில் அவர்: "நீ வாய் பொத்திக்கிட்டு நின்னத நான் இண்ணைக்குத்தான் பாக்கேன்." அதற்கும் ஒரு சண்டை.

ஜூலை 2, புதன்

பெருமழை. கரண்ட் இல்லை. மெஷினை மிதித்தே தைத்தேன்.

இரண்டு பேர் வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். ஒருத்தி "அவசரமாக்கும்" என்றாள். மற்றவள் காரணமும் சொல்லவில்லை. தையல்காரி துணியில் திருடுவாள் என்று பயம் போல.

மே. மேல் இருக்கிற கோபம்தான் ஆறவே இல்லை. செ. அப்படிப்பட்டவர், விடு. இவள்? "குடுக்கேன்" போதாதா? நிறைய எதுக்கு? அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை நான் பாவாடைக்கு மடிப்பு எடுக்கும்போதெல்லாம் காதில் கேட்கிறது. சாயங்காலம் பிள்ளை எங்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து "ஆன்ட்டி" என்றது. காது கேட்காதது போல இருந்தேன். பிறகு சோறு இறங்கவில்லை. பிள்ளைமேல் என்ன கோபம் எனக்கு, சீ.

இனி அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை. முடிவு.

ஜூலை 5, சனி

தூறல். யூனிபார்ம் முடிந்தது, அப்பாடா.

சாயங்காலம் செ. மனைவி புது வாளியோடு தெருவில் வந்தாள். கூட ஒருத்தி போட்டோ எடுக்க. என் வீட்டிலும் வந்து நின்றாள். ஒரு பிடி போட்டேன். என் கையை அப்படிப் பார்த்தாள்.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். மே. கேட்டுக்கு வந்தாள். ஒரு வாரமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை, அவள் பானையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். சிரித்தாள், போட்டோவுக்கு.

தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். எங்கள் அரிசி டின்னைத் திறந்து பழைய வாளியில் கொட்டினேன். அவர் வாசலில் நின்று பார்த்தார். "எனக்கும் ராத்திரி பசிக்கும், கேட்டியா" என்றார். டார்ச்சை எடுத்துக் கையில் கொடுத்ததும் அவர்தான்.

ரப்பர் தோட்டம் வழியாகப் பின்பக்கம். அட்டை கடித்தது. அடுக்களைக் கதவைத் தட்டினேன். திறந்தவள் என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள்.

"அக்கா, அண்ணைக்கு நான் பயத்துல…"

"பேசாத. ஒரு வார்த்த பேசினா நான் திரும்பிப் போயிருவேன். பானைய எடு."

எடுத்தாள். கொட்டினேன். பிள்ளை உள்ளேயிருந்து ஓடி வந்து என் ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மே. கண்ணைத் துடைத்தாள். பானைக்குள் கையை விட்டு முதல் பிடி அரிசியை அள்ளினாள். உலைக்கு என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து அதில் போட்டாள், என் கண் முன்னாலேயே, அடுத்த சனிக்கிழமைக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கியவள் திரும்பி நின்று சொன்னேன்:

"ஏட்டி, கை நெறைய அள்ளாத. அவளுக்க புது வாளிக்கு அரைப் பிடி போதும்."